எலிவேஷனில் குடியிருக்க முடியாது!

புதுச்சேரியில் வீடு கட்டத் தொடங்கியிருக்கும் ஒருவரிடம் 'எப்படிக் கட்டுறீங்க?' என்று கேட்டுப் பாருங்கள். எத்தனை அறை என்று சொல்ல மாட்டார். காற்று எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்றும் சொல்ல மாட்டார். செல்போனை எடுத்து ஒரு படத்தை நீட்டுவார். மஞ்சள் சுவர், வெள்ளை பார்டர், ஜன்னலுக்கு மேல் அரைவட்ட வளைவு, வாசலில் இரண்டு தூண். 'பிரெஞ்சு ஸ்டைல் சார். எலிவேஷன் எப்படி?'

எலிவேஷன் நன்றாகத்தான் இருக்கும். கம்ப்யூட்டரில் வரைந்த படமல்லவா? வானம் நீலமாக இருக்கும். வாசலில் ஒரு பெரிய கார் நிற்கும். மே மாதத்து மத்தியானம் மட்டும் அந்தப் படத்தில் இருக்காது.

மூன்று மணி நேரத்தில் முடிந்துபோகிற சினிமாவுக்குப் பக்கம் பக்கமாக விமரிசனம் எழுதுகிறோம். இருபது வருடம் தவணை கட்டப்போகிற வீட்டுக்கு ஒரு வரி விமரிசனம் கிடையாது. கிரகப்பிரவேசத்துக்கு வருகிறவர்கள் 'சூப்பரா இருக்கு' என்று சொல்லிவிட்டு, மொய் எழுதிவிட்டு, பந்தியில் உட்கார்ந்துவிடுகிறார்கள். அதனால் இந்த வாரம் கொஞ்சம் வீடுகளை விமரிசனம் செய்வோம். புதுச்சேரி அதற்கு ரொம்ப வசதியான ஊர். மூன்று விதமான வீட்டு யோசனைகளை ஒரே காலை நடையில் பார்த்துவிடலாம்.

முதலில் கால்வாய்க்கு மேற்கே, தமிழர் பகுதி. கால்வே சுப்பராயச் செட்டி வீதி என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் முழிப்பார்கள். வைசியாள் வீதி என்றால் ஆட்டோக்காரர் கொண்டுபோய் விடுவார். 2000-களின் தொடக்கத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு இன்டாக் அமைப்பு இந்தத் தெருவின் முகப்புகளைச் சீர்செய்தது. தெரு முழுக்கத் திண்ணை. திண்ணைக்கு மேல் தூண்கள் தாங்கும் தாழ்வாரம். உள்ளே ரேழி, நடுவில் முற்றம்.

இதையெல்லாம் அழகு என்று போட்டோ எடுக்கிறோம். அழகு அப்புறம். தாழ்வாரம் இருப்பதால் தெருப்பக்கச் சுவரில் வெயில் விழாது. முற்றத்தில் சூடான காற்று மேலே போக, வாசல் வழியாகத் தெருக்காற்று உள்ளே வரும். கூரை மெட்ராஸ் டெரஸ். மர உத்திரத்தின் மேல் செங்கல்லைக் குத்துவாக்கில் அடுக்கி, சுண்ணாம்புக் காரை போட்டுத் திமிசுக்கட்டையால் அடித்து இறுக்கிய கூரை. அந்தக் கனம் வெயிலை உள்ளே விட நேரம் எடுத்துக்கொள்ளும்.

குறையே இல்லையா? இருக்கிறது. 'அந்தக் காலத்து வீடு மாதிரி வருமா!' என்று பெருமூச்சு விடுகிறவர்கள் பெரும்பாலும் அந்த வீட்டின் கூடத்தில் உட்கார்ந்தவர்கள். அடுப்படியில் நின்றவர்களைக் கேட்டால் வேறு கதை வரும். வீட்டின் கடைசியில், இருட்டில், புகையில் ஒரு சமையலறை. அதற்கும் பின்னால், மழையில் நனைந்துகொண்டு போக வேண்டிய கழிவறை. திண்ணையும் அப்படித்தான். வழிப்போக்கருக்கு நிழல் கொடுத்தது என்கிறோம். யார் அதில் ஏறி உட்காரலாம், யார் தெருவிலேயே நிற்க வேண்டும் என்பதையும் அதே திண்ணைதான் சொல்லிவைத்தது. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது நிழலையும் காற்றையும். மற்றதைத் திரும்பக் கட்டத் தேவையில்லை.

அடுத்தது, கால்வாய்க்குக் கிழக்கே பிரெஞ்சுப் பகுதி. இங்கே வீடு தெருவோடு பேசாது. உயரமான மதில், பெரிய கேட், உள்ளே தோட்டம், அதற்குள் வீடு. வெள்ளைக்காரர் குடியிருப்பு தனி, நம்மவர் குடியிருப்பு தனி என்று கோடு போட்ட காலத்து மனசு அந்த மதிலில் தெரிகிறது. ஆனால் கட்டியவர்களுக்கு வெயில் என்றால் என்னவென்று தெரிந்திருந்தது. உயரமான விதானம், தடித்த சுவர், ஜன்னலில் சட்டம் சட்டமாகச் சாய்ந்த மரப்பலகைக் கதவு. கதவைச் சாத்தினாலும் காற்று வரும், வெயில் வராது. அந்த அரைவட்ட வளைவும் அலங்காரத்துக்காக வந்ததில்லை. செங்கல்லால் ஒரு திறப்பைத் தாண்ட வேண்டுமானால் வளைவு வேண்டும். சுமையை இரண்டு பக்கமும் இறக்கிவிடும்.

இன்றைக்கு நீங்கள் போடுவது கான்கிரீட் லிண்டல். அது நேராகவே சுமையைத் தாங்கிக்கொள்கிறது. அதன்மேல் சிமென்ட் பூசி வளைவு மாதிரி ஒட்டுகிறார் மேஸ்திரி. அந்த வளைவுக்கு ஒரு வேலையும் கிடையாது. கீழே ஜன்னலுக்கு மரப்பலகை இல்லை; இழுத்து மூடும் கண்ணாடி. பாதிதான் திறக்கும். பிரெஞ்சுக்காரரின் மேக்கப்பை வாங்கிக்கொண்டு மூளையை விட்டுவிட்டோம்!

பழைய ஆட்கள் இப்படிச் செய்யவில்லை. ஆனந்தரங்கப் பிள்ளை, துய்ப்ளேக்ஸ் காலத்தில் துபாஷியாக இருந்து நாட்குறிப்பு எழுதியவர், அவர் வீடு இன்னமும் அவர் பெயரிலுள்ள தெருவில் இருக்கிறது. கீழே நம்ம ஊர் மரத்தூண்களும் முற்றமும். மேலே ஐரோப்பியப் பாணித் தூண்கள். இரண்டு நாட்டுச் சரக்கு, ஒரே வீட்டில். அங்கே தூண் கூரையைத் தாங்குகிறது, கூரை நிழல் தருகிறது. கலப்பது தப்பே இல்லை. கலந்தது வேலை செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

மூன்றாவது கட்டிடம்தான் முக்கியம். கோல்கொண்டா. அரவிந்தர் ஆசிரமத்தின் விடுதி. வடிவமைத்தவர் அன்டோனின் ரேமண்ட்; செக் நாட்டில் பிறந்து அமெரிக்கரானவர், ஜப்பானில் பல வருடம் கட்டிடம் கட்டியவர். கூட இருந்து வேலை பார்த்தவர்களில் ஜார்ஜ் நகஷிமா ஒருவர்; பின்னாளில் அமெரிக்காவில் மரச்சாமான்களுக்காக உலகப் புகழ் பெற்றார். ஐதராபாத் நிஜாம் அரசில் பெரிய பதவியில் இருந்த சர் அக்பர் ஹைதரியின் மூலம் நன்கொடை கிடைத்ததால் அந்தப் பெயர். 1930-களின் பிற்பகுதியில் தொடங்கி, இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோதும் வேலை நடந்தது. இந்தியாவின் முதல் நவீன கான்கிரீட் கட்டிடங்களில் ஒன்று.

பாருங்கள், இதுவும் நம்முடையது போலக் கான்கிரீட்தான். ஆனால் வடக்கையும் தெற்கையும் பார்த்து நீளமாக நிற்கிறது. அந்த இரண்டு பக்கமும் சுவரே இல்லை என்று சொல்லலாம்; மேலிருந்து கீழ்வரை திருப்பித் திறக்கும் கிடைமட்டப் பலகைகள். தெற்கே அறைகள், வடக்கே நடை. இரண்டுக்கும் நடுவில் தேக்குச் சட்டங்களால் ஆன தள்ளு கதவு. மூடினாலும் காற்று போகும், உள்ளே இருப்பவர் தெரிய மாட்டார். கூரைக்கு மேல் இன்னொரு கூரை, நடுவில் காற்று இடைவெளி. ஏ.சி. இல்லாமல் மனிதர்கள் நிம்மதியாகத் தூங்குவதற்காக யோசித்த கட்டிடம். மஞ்சள் பெயின்ட் கிடையாது, வளைவு கிடையாது. என்னைக் கேட்டால் புதுச்சேரியின் உண்மையான வீட்டு ஸ்டைல் இதற்குள்தான் இருக்கிறது.

இதையும் கண்ணை மூடிக்கொண்டு காப்பியடிக்க முடியாது. அந்தப் பலகைகள் ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட். அதன் தூசு நுரையீரலுக்கு என்ன செய்யும் என்பது இன்று நமக்குத் தெரியும். ஒவ்வொரு பலகையையும் துடைக்க ஆசிரமத்தில் ஒழுங்கும் ஆட்களும் உண்டு. வேலைக்குப் போகும் கணவன் மனைவியிடம் அதற்கு நேரமில்லை. குழந்தை அழும், மிக்ஸி ஓடும் குடும்ப வீடும் அல்ல அது. ஆனாலும் அதன் யோசனைக்குக் காசு தேவையில்லை. மனையில் வீட்டை எந்தப் பக்கம் திருப்பி வைப்பது என்பதற்கு எந்த பேங்க்கும் வட்டி கேட்பதில்லை.

நம் ஊர் சுமார் 12 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. சூரியன் ஏறக்குறைய தலைக்கு மேலேயே போகிறது. அதனால் வடக்கு, தெற்குச் சுவர்களை ஒரு சன்ஷேடு காப்பாற்றிவிடும். கிழக்கும் மேற்கும் அப்படியில்லை. தாழ்ந்து வரும் வெயில் சன்ஷேடுக்கு அடியில் புகுந்துவிடும். மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று தென்கிழக்கிலிருந்து வரும். இவ்வளவுதான் பாடம். லாஸ்பேட்டையிலும் ரெட்டியார்பாளையத்திலும் எழும் புது வீடுகளைப் பாருங்கள். ரோடு மேற்கே இருந்தால் மேற்கு முழுக்கக் கண்ணாடி, 'கிளீன் லுக்'குக்காகச் சன்ஷேடு காலி. தென்கிழக்கில் ஒரு ஜன்னல் போதும் என்று லாஃப்ட்டை இறக்கிவிடுகிறார்கள். அப்புறம் பெட்ரூமுக்கு ஏ.சி. ஹாலுக்கு ஏ.சி. அடுப்படிக்கு? அங்கே ஏ.சி. யாரும் போடுவதில்லை. அங்கே நிற்பவர் வழக்கம்போல வியர்த்துக்கொண்டு நிற்கிறார். வீடு நவீனமாகிவிட்டது, அடுப்படியில் நிற்பவரின் நிலைமை வைசியாள் வீதியிலேயே நிற்கிறது.

இன்னொன்று, தண்ணீர். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. ரெயின்போ நகரிலும் கிருஷ்ணா நகரிலும் ஹாலுக்குள் தண்ணீர் வந்தது. பழைய வீடுகளில் வாசலுக்கு ஏன் மூன்று நான்கு படி ஏறினோம் என்று அப்போது சிலருக்குப் புரிந்திருக்கும். ரோடு போடும்போதெல்லாம் பழையதைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டு உயர்த்துகிறார்கள். உங்கள் அஸ்திவார மட்டம் இன்றைய ரோட்டைப் பார்த்தால் போதாது. பத்து வருடம் கழித்து வரப்போகும் ரோட்டைப் பார்க்க வேண்டும். எலிவேஷன் தூணுக்கு ஆகும் செலவை இங்கே போடுங்கள்.

'அப்போ பழைய மாதிரியே சுண்ணாம்பில் கட்டிடலாமா சார்?' என்று கேட்பீர்கள். அவசரப்படாதீர்கள். கடற்கரைச் சாலையில் இருந்த மேரி கட்டிடம், பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கட்டிடம், 2014 நவம்பர் மழையில் சரிந்து விழுந்தது. 2021-ல் அதே தோற்றத்தில் புதிதாகக் கட்டித் திறந்தார்கள். சுண்ணாம்பும் மரமும் ஊறவிடாமல் பார்த்துக்கொண்டால் நூற்றாண்டு நிற்கும். பார்க்காவிட்டால் அது மண். பக்கத்தில் ஆரோவில்லில் மண்ணோடு கொஞ்சம் சிமென்ட் கலந்து அழுத்திய கட்டிகளால் நல்ல வீடுகள் கட்டிக் காட்டியிருக்கிறார்கள். அதற்கும் பழகிய கொத்தனார் வேண்டும். ஆள் கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம். உங்கள் சாதாரணச் செங்கல், சிமென்ட்டிலேயே பாதி வேலையைச் செய்துவிடலாம்.

பிளானில் கையெழுத்துப் போடும் முன் ஒரே ஒரு நாள் ஒதுக்குங்கள். மே மாதம் என்றால் நல்லது. மத்தியானம் இரண்டு மணிக்கு மனையில் போய் நில்லுங்கள். கூடவே மேஸ்திரியையும், வீட்டில் சமைப்பவர் யாரோ அவரையும் அழைத்துப் போங்கள். வெயில் எங்கே விழுகிறது, காற்று எந்தப் பக்கம் சட்டையைத் தூக்குகிறது என்று பாருங்கள். அடுப்படிக்கு எதிரெதிரே இரண்டு திறப்பு இருக்கிறதா? மேற்கே குளியலறையோ மாடிப்படியோ வைத்து வெயிலை அதன்மேல் தள்ளலாமா? மொட்டைமாடிக்கு வெள்ளை ஓடு உண்டா? ஆறடி நீளத்துக்காவது ஒரு திண்ணை கிடைக்குமா, வீட்டுக்கு வரும் கூரியர் பையனும் கூச்சமில்லாமல் உட்கார்கிற மாதிரி?

இத்தனைக்கும் பதில் கிடைத்த பிறகு, மஞ்சள் பெயின்ட் அடிக்க ஆசையாக இருந்தால் தாராளமாக அடித்துக்கொள்ளுங்கள். ஆட்சேபணை இல்லை.