மூளை மருத்துவரும் முயலகன் நோயும்

குழவியரின் மூளையிலும் தண்டுவடத்திலும் தோன்றும் கட்டிகளை அறுத்து நீக்குவதில் பெரும்புகழ் எய்தியவர் நியூயார்க் நகரத்துப் பிரெட் எப்ஸ்டீன். மூளைத்தண்டிற் கட்டி எழுந்தால் அதனைத் தீண்டலாகாது என்று பிறர் கைவிட்ட காலத்தில், செவிக்கெட்டா ஒலியதிர்வாற் கட்டியைச் சிதைத்து உறிஞ்சும் கருவியைக் கைக்கொண்டு அவ்வரிய செயலிற் புகுந்தார். 2001-ஆம் ஆண்டில் மிதிவண்டியினின்று வீழ்ந்து, தம் மூளையே ஊறுபட்டுப் பல நாள் உணர்விழந்து கிடந்தார். ஜோஷுவா ஹார்விட்ஸ் என்பார் துணையுடன் 2003-இல் அவர் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூலே ஈண்டு ஆராயப்படுவது. 'எனக்கு ஐந்து வயதானால்' என்று அதன் பெயரைத் தமிழிற் கூறலாம். ஆசிரியர் 2006-இல் மறைந்தார்.

அப்பெயர் நோயுற்ற நான்கு வயதுச் சிறுமி ஒருத்தியின் வாய்மொழி. ஐந்து வயதானால் இருசக்கர வண்டி ஓட்டக் கற்பேன் என்றனளாம். 'ஆனால்' என்னும் வினையெச்சம் எத்துணைச் சுமையைத் தாங்கவல்லது என்பதை, நாற்பதாண்டு இலக்கணம் கற்பித்த யான் அங்கேதான் உணர்ந்தேன்.

மருத்துவன் நோயாளியினின்று உள்ளத்தால் விலகி நிற்றல் வேண்டும் என்னும் தொழில் மரபை எப்ஸ்டீன் ஏலார். குழவியரை அணைத்தும் அவரொடு நகைத்தும் பழகினார். அன்பு கையை நடுங்கச் செய்யும் என்பார்க்கு அவர் வாழ்க்கையே விடை. இப்பகுதி சைவர்க்கு மிக உவப்பாவது.

ஆயினும் ஒரு குறை கூறாதிருக்க இயலவில்லை. குழவியர் நமக்குத் துணிவும் பண்பும் கற்பிப்பர் என்பது நூலின் துணைப்பெயரிலேயே உள்ள கருத்து. அதற்கேற்ப, நோயுற்ற மகவு வளர்ந்தோர்க்குரிய பாடமாக மிக விரைவில் மாற்றப்படுகின்றது. தந்தைக்கு உபதேசித்த குமரக்கடவுளை வணங்கும் நமக்குக் குழவி ஆசானாதல் புதிதன்று. எனினும், பிறர் கற்றற்பொருட்டோ ஒரு குழவி நோவது? மகவையிழந்த தாய் அப்பாடத்தை வைத்துக்கொண்டு யாது செய்வாள்?

இக்குறை நம்மவர்க்கும் உண்டு. சாவு நேர்ந்த மனையிற் புகுந்து 'எல்லாம் பிராரத்தம்' என்று உரைத்து மீளும் சைவர் பலர். யானும் இளமையில், மடத்திற் கற்ற செருக்கால், ஒரு தாயிடம் அவ்வாறு உரைத்ததுண்டு. அவள் மறுமொழி கூறவில்லை. உள்ளே சென்று கதவை அடைத்தாள். வினைக்கொள்கை மெய்யே, அதனைச் சொல்லுதற்கு அஃது இடமன்று.

இந்நாளில் திருவாசி என வழங்கும் திருப்பாச்சிலாச்சிராமத்தில் கொல்லிமழவன் மகள் முயலகன் என்னும் நோயால் உணர்விழந்து கிடந்தாள். அது மூளையைப் பற்றிய வலிப்புநோயே என்பர் இக்காலத்தார். திருஞானசம்பந்தப் பிள்ளையார் அவள் தந்தைக்கு வினையின் இயல்பை விரித்துரைத்தாரல்லர். இவளை இங்ஙனம் வாடச் செய்தல் உமக்குச் சிறப்போ என்று பாட்டுத்தோறும் இறைவரையே வினவினார். நோய் நீங்கி அவள் எழுந்தாள். அத்தலத்துக் கூத்தப்பிரான் திருவடிக்கீழ் முயலகனில்லை, அரவமே உண்டு. அந்நோயையே அரவாக்கி மிதித்தார் என்பது தலவரலாறு.

அத்தகைய வழக்காடலை எப்ஸ்டீன் நூலில் யான் தேடினேன். போதிய அளவு கிடைத்திலது. தாமே நோயாளியாய்க் கிடந்ததை அவர் கூறுமிடத்தில் மட்டும் பாடஞ்சொல்லும் குரல் தாழ்கின்றது. பிறர் மூளையைத் திறந்த கை தன் ஏவலையே கேளாது கிடந்த துயரம் அங்கே உளது. அப்பக்கங்களை இருமுறை படித்தேன். ஏனையவற்றை அவ்வாறு படிக்க மனம் எழவில்லை.