ஆறுமணிக்குருவியும் பிட்டாவும்: பறவைப் பெயர்களின் தமிழாக்கம்

பறவைப் பெயர்களைத் தமிழாக்குவது கலைச்சொல்லாக்கத்தின் ஒரு சிறு கிளை என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. அறிவியற் பெயர் ஒன்றும் ஆங்கிலப் பெயர் ஒன்றும் முன்னரே உள்ளன. அவற்றிற்கு ஈடாக ஒரு தமிழ்ச் சொல்லை நிறுத்திவிட்டால் பணி முடிந்தது என்பது கையேடுகளை மொழிபெயர்ப்போர் பலரின் நிலைப்பாடு. வீட்டுக் கொல்லையில் நாள்தோறும் காணும் பறவைக்கும், எப்போதோ ஒருமுறை வந்துபோகும் பறவைக்கும் இந்நிலைப்பாடு ஒரே அளவுகோலைக் கைக்கொள்கிறது. குறை இங்குத்தான் தொடங்குகிறது.

ஆங்கிலத்தில் இந்தியன் பிட்டா எனப்படும் பறவையை எடுத்துக்கொள்ளலாம். இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் இது, பின்னர்த் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வலசை வருகிறது. நெடும் பயணத்தில் களைத்து வீடுகளுக்குள் வந்து விழுவதும் உண்டு. வைகறையிலும் அந்தியிலும் ஏறத்தாழ ஆறு மணியளவில் ஈரசைச் சீழ்க்கை ஒன்றை எழுப்புவதால் தமிழில் இதற்கு ஆறுமணிக்குருவி என்று பெயர். இப்பெயரில் உள்ள ‘மணி’ கடிகார நேரத்தைக் குறிப்பது. நாழிகைக் கணக்கு வழங்கிய காலத்தில் இப்பெயர் இவ்வடிவில் தோன்றியிருக்க இயலாது. எனவே நாட்டுப்புறப் பெயர்கள் அனைத்தும் பழமையின் எச்சங்கள், புதுப் பெயர் படைக்கும் ஆற்றல் அறிஞர் குழுக்களுக்கே உரியது என்னும் கருத்து இந்த ஒரு சொல்லாலேயே வலுவிழக்கிறது.

இந்தியில் இதே பறவை நவரங். நிறத்தால் வந்த பெயர். சிங்களத்தில் அவிச்சியா, ஒலியால் வந்த பெயர். தன் அழகிய ஆடையை மயில் கவர்ந்துகொண்டதாக இது முறையிடுகிறது என்று ஒரு கதையும் அங்கு உண்டு. ஒரு மொழி பொழுதையும், ஒரு மொழி நிறத்தையும், ஒரு மொழி முறையீட்டையும் பெயராக்கியுள்ளன. ஆங்கிலப் பெயரோ இவற்றுள் எதனையும் கூறவில்லை. ‘பிட்ட’ என்பது தெலுங்கில் சிறு பறவையைக் குறிக்கும் பொதுச்சொல். பிரெஞ்சு இயற்கை நூலார் வியேயோ 1816இல் அதனைப் பேரினப் பெயராக்கினார். அங்கிருந்து அது ஆங்கிலத்திற்குச் சென்றது. தமிழ்க் கையேட்டில் ‘இந்தியப் பிட்டா’ என்று எழுதும்போது, அண்டை வீட்டுச் சொல் ஐரோப்பாவைச் சுற்றிக்கொண்டு அயற்சொல்லாகத் திரும்பி வருகிறது. கடன் வாங்கியதைக் குறை கூறுவதற்கில்லை. வழக்கில் உயிருடன் உள்ள ஆறுமணிக்குருவியை அது வெளியேற்றுவதே குறை.

இவ்விடத்தில் ‘குளிர்கால வருகைப் பறவை’ என்னும் தொடரையும் நோக்க வேண்டும். ஆங்கிலத் தொடரின் நேர் பெயர்ப்பு இது. குளிர் என்பது வடபுலத்தார் அளவை. தென்னாட்டில் இப்பறவை வந்துசேர்வது மழை தொடங்கும் கூதிர்ப் பருவத்தை ஒட்டி, திரும்புவது இளவேனிலில். ஆறு பருவங்களைப் பிரித்தறிந்த மொழி, நான்கு பருவ நாட்காட்டியை இரவல் பெறுவது தேவையற்றது. ‘வலசை’ என்னும் சொல் மட்டும் இத்துறையில் நன்கு நிலைபெற்றுள்ளது. தெலுங்கில் மக்களின் இடப்பெயர்ச்சியைக் குறிக்கும் ‘வலச’ இதனோடு ஒப்பிடத்தக்கது.

மொழிபெயர்ப்பாளருக்கு மேலும் கடினமானவை குரலே பெயராகும் இடங்கள். வெயில் ஏற ஏறக் குரலும் உச்சத்திற்கு ஏறும் குயிலினம் ஒன்று உண்டு. இந்தியாவில் வாழ்ந்த ஆங்கிலேயர் அக்குரலில் ‘மூளைக்காய்ச்சல்’ எனப் பொருள்படும் சொல்லைக் கேட்டனர். இந்தியில் அது ‘பீ கஹான்’, காதலன் எங்கே என்பது. மராத்தியில் ‘பாவுஸ் ஆலா’, மழை வந்தது என்பது. வங்கத்தில் ‘சோக் கேலோ’, கண் போயிற்று என்பது. வங்கக் கதையொன்றில் இக்குரல் வரும் இடத்தில் ‘அக்காக்குயில் கூவியது’ என்று தமிழில் எழுதினால் பறவை கிடைக்கும். கண்ணிழந்த துயரம் கிடைக்காது. பறவையின் பெயரைக் கதைசொல்லியின் கூற்றில் தமிழில் தந்து, குரலை மூல ஒலியோடும் பொருளோடும் நிறுத்துவதே தக்கது. ஆங்கிலப் பெயரைப் பின்பற்றி ‘மூளைக்காய்ச்சல் பறவை’ என்பது, வெப்பம் தாங்காத அயலார் ஒருவரின் எரிச்சலைத் தமிழர் வாயில் திணிப்பதாகும்.

ஆள்காட்டியிலும் இவ்வேறுபாடு தெளிவு. ஆங்கிலச் செவி அதன் ஒலியில் ‘அவன் செய்தானா’ என்னும் வினாவைக் கேட்கிறது. இந்தியின் ‘டிடிஹரி’ ஒலியை அப்படியே பற்றுகிறது. தமிழோ ஒலியை விட்டு, ஆள் வருவதைக் காட்டிக்கொடுக்கும் செயலைப் பெயராக்குகிறது. கூட்டமாகத் திரியும் தவிட்டுக்குருவி இனம் ஆங்கிலத்தில் ஏழு சகோதரிகள்; இந்தியில் ஏழு சகோதரர்கள். இவ்விரண்டில் எதனைத் தமிழில் எழுதினாலும் அது பிறர் வீட்டு உறவுமுறையே. உருதுக் கவிதையின் ‘புல்புல்’ இதனினும் ஏமாற்றுவது. பாரசீக மரபில் அது ரோஜாவைக் காதலிக்கும் பாடும் பறவை, நைட்டிங்கேல். இந்தியத் தோட்டங்களில் அப்பெயர் பெற்றது வேறு குடும்பத்தைச் சேர்ந்த கொண்டைக்குருவி. அகராதியை நம்பிக் கஜலில் ‘கொண்டைக்குருவி’ என்று எழுதுபவர் பறவையியலில் தேறிக் கவிதையில் தோற்கிறார்.

அரிய பறவைகளுக்கு வழக்குப் பெயர் இராது, ஆகவே ஆக்கித்தான் தீரவேண்டும் என்பது இதற்கு எதிராகக் கூறப்படும் வாதம். ஓரளவு உண்மையே. வரித்தலை வாத்து என்னும் ஆக்கம் சிறப்பாக அமைந்ததற்குக் காரணம், கண்ணுக்குத் தெரியும் தலைக்கோடுகளை அது கூறுவது. ‘பொதுவான’, ‘சிறிய’, ‘பெரிய’ எனப் பிற நாட்டு இனங்களோடு ஒப்பிட்டு இட்ட அடைமொழிகளைப் பெயர்க்கும்போது இவ்வாறு அமைவதில்லை. ஆயினும் ‘அரிய’ என்பது யாருக்கு அரியது என்னும் வினா எஞ்சுகிறது. ஜெர்டானின் பெயரால் வழங்கும் ஓட்டப்பறவை 1900க்குப் பின் காணப்படாமல், அழிந்ததாகவே கருதப்பட்டு, 1986இல் ஆந்திரத்தின் கடப்பைப் பகுதியில் மீண்டும் கண்டறியப்பட்டது. அறிவியலார் அழிந்ததாக எழுதிய பறவைக்கு அப்பகுதித் தெலுங்கில் ‘கலிவி கோடி’ என்று பெயர் இருந்தது. ‘கோடி’ தமிழ்க் ‘கோழி’யின் இனச்சொல். கலிவிக்கோழி என்று தமிழில் எழுதுவதற்கு எத்தடையும் இல்லை. ஜெர்டானைச் சுமந்து வருவதினும் அது எளிது.

மலையாளத்தில் இந்துசூடன் என்னும் புனைபெயர் கொண்ட கே. கே. நீலகண்டனின் ‘கேரளத்திலே பட்சிகள்’ 1958இல் வெளிவந்தது. ஒரே கை தேர்ந்தும் ஆக்கியும் தந்த பெயர்களால் அம்மொழிக்கு ஓர் ஒழுங்கு கிடைத்தது. தமிழில் க. ரத்னத்தின் ‘தமிழில் பறவைப் பெயர்கள்’ போன்ற தொகுப்புகள் மிகுதியான வழக்குப் பெயர்களைக் காத்துள்ளன. ஆனால் ஒரு பெயர் பல பறவைகளுக்கும், ஒரு பறவை பல பெயர்களுக்கும் உரியதாக நிற்பதைத் தீர்க்கும் பணி முடிவுறவில்லை. இனி எழும் சொற்பட்டியல்களில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அது வழங்கும் வட்டாரம், வழங்குவோர், பேச்சில் உள்ளதா அன்றி அண்மையில் ஆக்கப்பட்டதா என்னும் மூன்று குறிப்புகள் இடம்பெறுமானால், மொழிபெயர்ப்பாளர் தெரிந்து தேர்வு செய்யலாம்.