மீட்டெடுத்தவர்களிடமே கணக்குக் கேட்டவர்

இங்கிலாந்தின் பழைய பெண் எழுத்தாளர்களைத் தோண்டியெடுத்த ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியரைப் பற்றி, கம்பம் பள்ளத்தாக்கில் உட்கார்ந்துகொண்டு பேச என்ன இருக்கு என்று தோழர்கள் கேட்கக்கூடும். மாய்ரா ஃபெர்குசனின் நூல்களை வெளிவந்த வரிசையில் வைத்துப் பார்த்தால் ஒன்று பிடிபடுகிறது: தான் மீட்டெடுத்த பெண்களையே அவர் பின்னால் குறுக்கு விசாரணை செய்கிறார். நம்மிடம் இது அபூர்வம். நாம் ஒருத்தரை மீட்டெடுத்தால் சிலை வைத்துவிட்டுத்தான் மறுவேலை.

நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த ஃபெர்குசன் 1985இல் கொண்டுவந்த தொகுப்பு, 1578 முதல் 1799 வரையிலான பிரிட்டிஷ் பெண்களை 'முதல் பெண்ணியவாதிகள்' என்று நிறுத்தியது. (1578இல் எழுதியவரைப் பெண்ணியவாதி என்னலாமா என்பது தனிச் சண்டை, இங்கே வேண்டாம்.) அதே ஆண்டு மேரி காலியர் கவிதையின் மறுபதிப்புக்கு முன்னுரை எழுதினார். காலியர் சலவைத் தொழிலாளி. கதிரடிக்கும் தொழிலாளியான ஸ்டீஃபன் டக், வயலில் வேலை செய்யும் பெண்களை வாயாடிகள் என்று கேலி செய்து எழுத, 1739இல் காலியர் பதில் கவிதை போட்டார். வாதம் இதுதான்: வயல்வேலை முடிந்தால் உனக்குச் சாப்பாடும் தூக்கமும், எனக்கு அடுப்பு, பிள்ளை, அப்புறம் பெரிய வீட்டு அழுக்குத்துணி. இதுக்கு நம்ம பக்கம் அடிக்குறிப்பே வேண்டாம். கம்பம், கோம்பை, தேவாரம் பக்கமிருந்து விடியுமுன் சோறாக்கிவிட்டு, ஜீப்பில் நெருக்கியடித்து குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாகக் கேரள ஏலத்தோட்டங்களுக்குப் போய்த் திரும்பும் பெண்கள் காலியரைப் படித்ததில்லை. படிக்கவேண்டிய அவசியமும் அவர்களுக்கில்லை, நமக்குத்தான்.

தோட்டம் என்று வந்ததும் பிரச்சினை தொடங்குகிறது. 1992இல் வந்த ஃபெர்குசனின் முக்கியமான நூல், 1670 முதல் 1834 வரை காலனிய அடிமைமுறை பற்றிப் பிரிட்டிஷ் பெண்கள் எழுதியவற்றை வாசிக்கிறது. 1688இல் சூரினாம் தோட்டத்தைக் களமாக வைத்து 'ஓரூனோக்கோ'வை எழுதிய ஆஃப்ரா பென்னும் இதில் உண்டு. அடிமைக்காக இரங்கி எழுதியதன் மூலம் வெள்ளைப் பெண்கள் தமக்கென ஓர் அரசியல் குரலைச் சம்பாதித்துக்கொண்டார்கள். அதே பிரதிகளில் அடிமை வாயில்லாத, கையேந்துகிற, காப்பாற்றப்படவேண்டிய மற்றமையாகக் கட்டமைக்கப்பட்டாள் என்கிறார் ஃபெர்குசன். இங்கே இரக்கமே ஓர் அதிகாரச் சொல்லாடல். 1792இல் ஆங்கில மனைவியின் நிலையைச் சொல்ல 'அடிமை' என்ற சொல்லை எடுத்தாண்ட மேரி வோல்ஸ்டன்கிராஃப்டையும் அவர் விடவில்லை.

ஹானா மோர் விவகாரம் இன்னும் அப்பட்டம். 1788இல் அடிமைமுறையைக் கண்டித்துக் கவிதை எழுதியவர் இவர். அதற்கு மூன்றாண்டு முன்னால், பிரிஸ்டலில் பால் விற்ற ஆன் யியர்ஸ்லியின் கவிதைகளை வெளியிட உதவினார். புத்தகத்தில் வந்த பணத்தை யியர்ஸ்லி கையில் கொடுக்காமல் அறக்கட்டளையில் போட்டார். யியர்ஸ்லி தன் பணத்தைக் கேட்டதும் உறவு முறிந்தது. யியர்ஸ்லியும் 1788இல் அடிமை வணிகத்தை எதிர்த்து எழுதியவர்தான். புரவலரின் அன்பு எந்த இடத்தில் நிற்கும் என்பது தலித் எழுத்துக்கு முன்னுரை எழுதிக்கொடுக்கும் நம்ம ஆட்களுக்கும் தெரிந்திருப்பது நல்லது.

1985க்கும் 1992க்கும் நடுவில் என்ன நடந்தது? 1987இல் ஃபெர்குசன் மேரி பிரின்ஸின் வரலாற்றைப் பதிப்பித்தார். பெர்முடாவில் அடிமையாகப் பிறந்த பிரின்ஸ் சொல்லச் சொல்ல சுசானா ஸ்ட்ரிக்லண்ட் எழுதினார். அடிமைமுறை எதிர்ப்புச் சங்கத்தின் செயலாளர் தாமஸ் பிரிங்கிள் திருத்தி 1831இல் வெளியிட்டார். சொன்னது போதாது என்று, முதுகிலிருந்த தழும்புகளைப் பார்த்ததாக வெள்ளைப் பெண்கள் தந்த சாட்சியமும் மூன்றாம் பதிப்பில் சேர்ந்தது. பிரின்ஸோடு வேலை செய்தபின் மற்றவர்களைப் பழையபடி வாசிக்க ஃபெர்குசனுக்கு முடியாமல்போனது என்பது என் ஊகம்.

இதை நம் பக்கம் திருப்பினால் சங்கடம்தான். காரணி கிராமத்து வீரம்மா ஜோசியான் ரசீனிடம் சொன்ன வாழ்க்கை 1995இல் முதலில் பிரெஞ்சில்தான் புத்தகமானது. தேயிலைக்காட்டின் கதையை பி.எச்.டேனியல் என்ற மருத்துவர் 1969இல் ஆங்கிலத்தில் எழுதினார். 'எரியும் பனிக்காடு' என்று தமிழுக்கு வர 2007 ஆயிற்று. இரண்டும் தேவையான நூல்கள், மறுப்பில்லை. ஆனால் 2015 செப்டம்பரில் மூணாறில் 20 சதவீத போனஸ் கேட்டு மறியலில் உட்கார்ந்த 'பெம்பிளை ஒருமை'ப் பெண்கள், பெரும்பாலும் தமிழ் பேசுகிறவர்கள், ஆண் தொழிற்சங்கத் தலைவர்களைக் கிட்டே சேர்க்கவில்லை. தங்களுக்காகப் பேசவந்தவர்களை அவர்கள் எப்படி வாசித்தார்கள் என்பதிலிருந்து நம் விமர்சனம் தொடங்கியிருக்கலாம். தொடங்கவில்லை.

ஃபெர்குசனிடம் ஒரு குறை. அவருடைய விசாரணை பெரும்பாலும் ஆவணக் காப்பகத்துக்குள்ளேயே நடக்கிறது. அச்சேறாமல்போன பேச்சு அங்கே அகப்படாது. என்றாலும் காப்பகமும் சில சமயம் வாய் திறக்கிறது. 1833இல், பிரின்ஸின் பழைய எஜமானர் பிரிங்கிள்மேல் போட்ட வழக்கில், பிரின்ஸ் சாட்சிக்கூண்டில் ஏறினார். கேப்டன் ஒருவரோடு தான் வாழ்ந்த வாழ்க்கையைப் பற்றி அங்கே சொன்னார். பிரிங்கிள் திருத்திய புத்தகத்தில் அது இல்லை.