எண்ணி முடிக்கப்படாத தொண்ணூற்றொன்பது

கல்லாவியில் மாலை மக்தபுக்கு வரும் மாணவன் ஒருவன், ஓசூர் ஆலையில் பணிபுரியும் தன் அண்ணனின் மடிக்கணினியில் ஒரு கார்ட்டூன் தொடரைப் பார்த்துவிட்டு வந்து, "ஹஜ்ரத், மீதிப் பேர் எப்போது வருவார்கள்?" என்று கேட்டான். அவன் பார்த்தது 'தி 99'. அஸ்மாவுல் ஹுஸ்னாவை மனனம் செய்துவரும் பிள்ளையாதலால் எண்ணிப் பார்த்திருக்கிறான்.

குவைத் நாட்டு உளவியலாளர் நாயிஃப் அல்முதவ்வா 2006இல் தொடங்கிய சித்திரக்கதையே இத்தொடரின் மூலம். 1258இல் மங்கோலியர் பக்தாதின் நூல்களைத் திஜ்லாவில் வீசியபோது அவற்றின் ஞானத்தை 99 மணிக்கற்கள் ஈர்த்துக்கொண்டன. பின்னர் அவை உலகெங்கும் சிதறின. அவற்றை அடைந்து ஆற்றல் பெற்ற இளைஞர்களை டாக்டர் ரம்ஸி தேடித் திரட்டுகிறார் என்பது கதை. எதிரியின் பெயர் ருகால். அப்ரஹாவின் படைக்கு வழிகாட்டிய அபூ ரிகாலை அறிந்தோர் புன்னகைப்பர். நாயகர்கள் மூவர் மூவராகவே செயல்படுவது, ஆணும் பெண்ணும் தனித்திருக்கும் கல்வத்தைத் தவிர்ப்பதற்காக. மார்க்க ஒழுக்கமொன்று இங்கே கதையமைப்பாகவே மாறியிருப்பது பாராட்டத்தக்கது.

2011இல் ஒளிபரப்பாகத் தொடங்கிய கார்ட்டூன் வடிவம் இரு பருவங்களில் 52 பகுதிகள் கொண்டது. சித்திரக்கதையில் ஜப்பார் என்னும் சவூதி இளைஞன் கண்ணிவெடியில் சிக்கி, கல்லின் துகள்கள் உடலில் பதிந்தவனாக எழும் இடத்தில் வாசகன் விரும்பும்வரை நின்று கொள்ளலாம். திரையில் அந்த உரிமை இயக்குநருக்கே உண்டு. அவரோ அடுத்த மோதலுக்கு விரைகிறார். கல்லைக் கண்டடைதல், ஆற்றலை உணர்தல், குழுவில் சேர்தல் என ஒரே சுழற்சி திரும்பத் திரும்ப வருகிறது.

சுழற்சி தன்னளவில் குறையன்று. ஹிஜ்ரி 516இல் மறைந்த பஸராவின் ஹரீரி இயற்றிய மகாமாத்தில் ஐம்பது பகுதிகள். ஹாரிஸ் ஓர் ஊருக்குச் செல்வார். நாவன்மை மிக்க ஒருவர் மக்களை மயக்கிப் பொருள் பெறுவார். அவர் அபூஸைதுதான் என்பது பின்னர் தெரியவரும். நடை மட்டும் ஒவ்வொன்றிலும் புதிது. ஓரிடத்தில் புள்ளியுள்ள எழுத்துகளாலான சொல்லும் புள்ளியற்ற எழுத்துகளாலான சொல்லும் மாறி மாறி வரும். இறுதி மகாமாவில் அபூஸைது பஸரா பள்ளிவாசலில் தவ்பா செய்கிறார். கேட்பவர் அதையும் வழக்கமான தந்திரமென்றே நினைப்பர். ஆனால் இம்முறை அது உண்மையாகிவிடுகிறது. நாற்பத்தொன்பது ஏமாற்றுகளைப் படித்தவருக்கே இதன் கனம் புரியும். வகுப்பில் இந்த இடத்திற்கு வரும்போது மாணவர்கள் அமைதியாகிவிடுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

'தி 99' இப்படியொரு முடிவை எட்டவில்லை. சித்திரக்கதை 2013இல் நின்றது. கார்ட்டூன் 52இல் நின்றது. இரண்டிலும் தொண்ணூற்றொன்பது பேர் நிறையவில்லை. நிறையவும் முடியாது. படைப்பினத்திற்குச் சூட்ட இயலாத திருநாமங்கள் உள்ளன என்பதை ஆசிரியரும் அறிவார். அதனால்தான் 'அல்' என்னும் சொல்லுறுப்பை நீக்கி 'ஜப்பார்' என்று மட்டும் பெயரிட்டார். 2014இல் சவூதி மார்க்கத் தீர்ப்புக் குழு இதற்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அதனுள் நான் புகவில்லை. கதை இலக்கணப்படியே, தலைப்பில் ஓர் எண்ணை வைத்தவர் அதை எண்ணி முடிக்கக் கடமைப்பட்டவர்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) 'அல்மக்ஸதுல் அஸ்னா'வில் எண்ணி முடித்தார்கள். ஒவ்வொரு திருநாமத்திலும் அடியானின் பங்கு என்னவென்று ஆராய்கிறார்கள். சிலவற்றுக்குப் பக்கங்கள், சிலவற்றுக்குச் சில வரிகள். காலிக், பாரிஉ, முஸவ்விர் மூன்றும் ஒரே இடத்தில். ஜப்பார் என்பதில் அடியானின் பங்கு, பிறரைப் பின்பற்றும் நிலையைக் கடந்து, தன் நடத்தையால் பிறரைத் தன்வழி ஈர்க்கும் நிலையை அடைவது. கார்ட்டூனின் ஜப்பாருக்குக் கிடைத்ததோ புஜபலம். பலத்தைப் பங்கிடத் தொடங்கினால் அடுத்தவனுக்கு அதைவிடப் பெரிய பலம் தேவைப்படும். குணத்தைப் பங்கிட்டிருந்தால் ஒருவனே பல பெயர்களின் பங்கைப் பெற்று வளர்ந்திருக்கலாம்; கதைக்கும் போய்ச்சேர ஓர் இடம் இருந்திருக்கும்.

மீதிப் பேர் வரமாட்டார்கள் என்று மாணவனிடம் சொன்னேன். "அப்படியானால் ஏன் ஹஜ்ரத் அந்தப் பெயர் வைத்தார்கள்?" என்றான்.