உயர்தரத்தில் சங்கீதம்: பாடும் பிள்ளையும் எழுதும் பிள்ளையும்

இலங்கையில் க.பொ.த. உயர்தரக் கலைப்பிரிவில் கர்நாடக சங்கீதத்தை ஒரு முழுப் பாடமாக எடுக்கலாம். தமிழுக்கும் புவியியலுக்கும் உள்ள அதே நிறை அதற்கும் உண்டு. அதில் எடுக்கும் புள்ளி, பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளியில் சேரும். தமிழ்நாட்டில் பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பாட்டு என்பது பள்ளிக்கூடம் விட்டபின் மாலையில் நடக்கும் வகுப்பு. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் அது பன்னிரண்டாம், பதின்மூன்றாம் தர நேரசூசியில் இருக்கிறது. இந்த ஏற்பாட்டை நான் மதிக்கிறேன். அதைக் காப்பாற்ற வேண்டும் என்பதனால்தான் அதன் குறைகளையும் சொல்லவேண்டியிருக்கிறது.

முதல் நன்மை பணத்தோடு தொடர்புடையது. தனி ஆசிரியருக்கு மாதாமாதம் காசு கொடுக்க வழியில்லாத வீட்டுப் பிள்ளைக்கு அரசாங்கப் பாடசாலையே குருவீடு. வர்ணம், கிருதி என்று படிப்படியாக நடந்து, பள்ளிப் படிப்பு முடியும்போது ஓர் இராகத்தைத் தானாக ஆலாபனை செய்து பார்க்கும் இடத்துக்கு அந்தப் பிள்ளை வந்துவிட முடியும். குடும்பத்தாலும் சாதியாலும் பணத்தாலும் வேலி அடைக்கப்பட்டு வந்த கலை இது. அந்த வேலியில் பாடசாலைதான் படலையைத் திறந்துவிட்டது.

படலைக்கு அப்பால் போக வழியும் இருக்கிறது. மருதனார்மடத்தில் 1960இல் சு. நடேசபிள்ளை தொடங்கிய இராமநாதன் நுண்கலைக் கழகத்துக்கு மகாராஜபுரம் சந்தானம் அதிபராக இருந்து கற்பித்தார். பின்னர் அது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. கிழக்கில் சுவாமி விபுலாநந்தா அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. உயர்தரத்தில் சங்கீதம் எடுத்தவர் இங்கே பட்டம் பெற்று, ஆசிரியராகி, மறுபடி உயர்தர வகுப்புக்கே கற்பிக்கப் போகிறார். போர்க்காலத்திலும் சங்கீதம் அறுந்துபோகாமல் கையளிக்கப்பட்டதில் இந்தச் சுற்றுக்குப் பெரிய பங்குண்டு. ஆனால் வேலையைப் பொறுத்தவரை இந்தச் சுற்று ஆசிரியர் நியமனம் என்ற ஒரே வாசலை நம்பியிருக்கிறது. 2017இல் வடக்கிலும் கிழக்கிலும் வேலையற்ற பட்டதாரிகள் வேலை கேட்டு மாதக்கணக்கில் வீதியோரம் இருந்ததைப் பார்த்தவர்களுக்கு அந்த வாசலின் அகலம் தெரியும்.

மதிப்பிடும் முறைக்கு வருவோம். என் முதன்மையான முறைப்பாடு இங்கேதான். செய்முறைப் பரீட்சையில் கற்பனாஸ்வரம் பாடவேண்டும். பெயரிலேயே கற்பனை இருக்கிறது. மேடையில் அந்தக் கணத்தில் தோன்றுவதைத் தாளம் பிசகாமல் எடுப்புக்குக் கொண்டுவந்து சேர்ப்பதுதான் கற்பனாஸ்வரம். பரீட்சைக்குத் தயாராகும் வகுப்புகள் பலவற்றில் என்ன நடக்கிறது? ஆசிரியர் நாலு ஆவர்த்தனத்துக்கு ஸ்வரம் எழுதிக் கொடுக்கிறார், பிள்ளை கொப்பியில் பார்த்துப் பாடமாக்குகிறது. ஆலாபனையும் அப்படியே, சங்கதி சங்கதியாக. மண்டபத்தில் அது குறையில்லாமல் ஒலிக்கும், புள்ளியும் கிடைக்கும். ஆனால் இன்னோர் இராகத்தைக் கொடுத்து இரண்டு ஆவர்த்தனம் பாடச் சொன்னால் அதே பிள்ளை திகைத்து நிற்கும். ஆசிரியரை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஒரு நாளில் பல பிள்ளைகளைக் கேட்கவேண்டிய பரீட்சகருக்குச் சில நிமிடங்களே உண்டு. அந்த நிமிடங்களுக்குப் பழுதில்லாத உருப்படி வேண்டும். தடுமாறித் தடுமாறிச் சொந்தமாகத் தேடும் குரலுக்கு அங்கே இடமில்லை. பையன்களுக்கு இது இன்னும் கடினம். மகரக்கட்டு உடைந்து குரல் இன்னும் நிலைகொள்ளாத வயது அது.

எழுத்துத் தாளின் குறை வேறு. அது ஓசையே இல்லாத தாள். இராக லட்சணம், வாக்கேயகாரர் வரலாறு, 72 மேளகர்த்தாத் திட்டம் எல்லாவற்றையும் ஒரு சுரத்தைக்கூடக் கேட்காமல் எழுதி முடிக்கலாம். கரகரப்பிரியாவின் ஆரோகண அவரோகணத்தை எழுதத் தெரிந்த பிள்ளைக்கு, வானொலியில் அது போனால் அடையாளம் தெரியவேண்டும் என்ற கட்டாயமில்லை. நம்முடைய பரீட்சையின் பெயரும் அமைப்பும் இங்கிலாந்திலிருந்து வந்தவை. அங்கே இன்று இசைக்கான உயர்தரப் பரீட்சையில் வாசிப்புக்கும் ஆக்கத்துக்கும் சேர்த்து 60 வீதம்; மிச்சம் 40 வீதத்துக்கான தாளில் ஒலிப்பதிவைப் போட்டுக் கேள்வி கேட்கிறார்கள். இந்தியாவின் சி.பி.எஸ்.இ. பன்னிரண்டாம் வகுப்புக் கர்நாடக இசைக்குச் செய்முறை 70, எழுத்து 30 என்று வைத்திருக்கிறது.

பாடத்தின் சராசரியிலிருந்து ஒருவர் எவ்வளவு விலகி நிற்கிறார் என்று அளக்கும் இசட் புள்ளி, மனனத்தின் பக்கமான இந்தச் சாய்வை இன்னும் கூட்டுகிறது. சங்கீதத்தை எடுப்பவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே ஓரளவு பாடத் தெரிந்தவர்கள், ஆகவே சராசரி உயரும். ஒரு கணக்குக்காகச் சங்கீதத்தின் சராசரி 70, வேறொரு பாடத்தின் சராசரி 45, புள்ளிப் பரம்பல் இரண்டிலும் ஒரே அளவு என்று வைத்துக்கொள்வோம். சங்கீதத்தில் 75 எடுத்த பிள்ளையை அந்த மற்றப் பாடத்தில் 60 எடுத்த பிள்ளை முந்திவிடும். இந்த நெருக்கத்தில் மேலதிக புள்ளியைத் தேடுபவர்களுக்கு மிகச் சுலபமான வழி, நோட்ஸும் கடந்தகால வினாத்தாள்களும். சாதகம் செய்யவேண்டிய நேரம் ரியூசனுக்குப் போகிறது.

இன்னும் இரண்டு விடயங்கள். உயிரியலோ கணிதமோ எடுக்கும் பிள்ளைக்கு உயர்தரத்தில் சங்கீதத்துக்கு வழியே இல்லை. நன்றாகப் பாடிய எத்தனையோ பேர் சாதாரண தரத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். சிலர் மட்டும் வட இலங்கை சங்கீத சபையின் தரப் பரீட்சைகளை வெளியே எழுதிக் கலாவித்தகர் வரை போகிறார்கள். அடுத்தது, பாடத்தின் நடுவில் இருப்பது காவிரிக் கரையின் கிருதி மரபு. அது இருக்கட்டும். ஆனால் இணுவிலிலும் அளவெட்டியிலும் நாதஸ்வரமும் தவிலும் வளர்த்தவர்கள் நம்மவர்கள். தவில் மேதை தெட்சணாமூர்த்தி (1933–1975) தமிழ்நாட்டு வித்துவான்களே வியந்து கேட்ட கலைஞர். அவரைப் பற்றி எழுதத் தெரிந்தால் போதாது, அவர் வாசித்ததை வகுப்பில் கேட்கவேண்டும்.

இந்தப் பாடம் தேவையா என்று கேட்பவர்களுக்கு என் பதில், கட்டாயம் தேவை. இதை எடுத்துவிட்டால் ஏழை வீட்டுப் பிள்ளைதான் முதலில் வெளியே நிற்கும். ஆனால் பரீட்சை மாறவேண்டும். செய்முறையில் முன்கூட்டிச் சொல்லாத ஓர் எடுப்பைக் கொடுத்து இரண்டு ஆவர்த்தனம் ஸ்வரம் பாடச் சொல்லட்டும். தடுமாறினாலும் தேடலுக்குப் புள்ளி போடட்டும். எழுத்துத் தாளில் கொஞ்ச நேரமாவது ஒலிப்பதிவு ஒலிக்கட்டும். இதற்குப் புதிய கட்டடமோ பெரிய நிதியோ வேண்டாம். பாடத்திட்டம் அடுத்த முறை திருத்தப்படும்போது தேசிய கல்வி நிறுவகமும் பரீட்சைத் திணைக்களமும் இந்த இரண்டையும் செய்யவேண்டும். சங்கீத ஆசிரியர்கள் அதைச் சேர்ந்து கேட்கவேண்டும்.