குறைந்த மதியும் அகன்ற நிலவும்

பழந்தமிழ் நூல்களில் சந்திர கிரகணம் வரும் இடங்களையெல்லாம் ‘பாம்பு விழுங்கிய மதி’ என்னும் ஒரே தொடரில் அடக்கிவிடுவது நம் மேடைகளில் வழக்கமாகிவிட்டது. புலவர்கள் அவ்வாறு அடக்கினாரல்லர். குறுந்தொகை 395ஆம் பாட்டில் மதி விழுங்கப்படுகிறது. மண்ணில் நிற்போரால் அதனை மீட்க இயலாமையே தலைவியின் துயருக்கு உவமை. புறநானூறு 260இல் அது பாம்பின் பல்லுக்குத் தப்பி வெளிவருகிறது. மறவர் கையினின்று மீண்ட ஆநிரைக்கு அஃது உவமையாயிற்று. குறள் 1146க்கோ, ஊரறிந்த செய்தி என்பதே போதும்.

நற்றிணை 377 இவற்றின் வேறானது. பாடியவர் மடல் பாடிய மாதங்கீரனார். மடல்மா ஊர்ந்து, நாடும் ஊரும் அறியத் தலைவியின் நலத்தைப் பாராட்டித் திரிவதோ, இந்நோயிலேயே மாய்ந்துவிடுவதோ என்று தலைவன் ஊசலாடுகிறான். அவனை இந்நிலைக்கு ஆளாக்கியது கூந்தல் சார்ந்த அவளது நெற்றி. அதற்கு உவமை கூறும்போது புலவர், பாம்பு மதியை விழுங்கியது என்னாமல் குறைத்தது என்னும் பொருள்பட ஒரு வினையைப் பெய்கிறார். இது முழுக் கிரகணமன்று, பகுதிக் கிரகணம் என்பதே என் துணிபு.

நெற்றிக்குப் பிறையை உவமிப்பது பழகிய மரபாயிற்றே, இவர் ஏன் கிரகணத்தைத் தேடிப் போனார்? விடை பாட்டுக்குள்ளேயே இருக்கிறது. நெற்றியைச் சிறியது என்கிறார்; நிலவை அகன்றது என்கிறார். பிறை சிறியதுதான், ஆனால் அதன் ஒளி மெலிந்தது. முழுமதியின் ஒளி அகன்றது, அதில் குறையில்லை. குறையும் வேண்டும், அகன்ற ஒளியும் வேண்டும் எனின், பௌர்ணமி இரவில் ஓரம் மட்டும் மறைந்த மதி ஒன்றே உண்டு. மேலும், பிறையின் இருட்பகுதி கதிரவன் ஒளி படாத இடம். எதுவும் அதனை மூடவில்லை. கிரகணத்திலோ பூமியின் நிழல் வெளியிலிருந்து வந்து கவிகிறது, நெற்றியின்மேல் கூந்தல் கவிவதுபோல. இத்துணையும் கண்ணால் கண்டவர்க்கன்றிக் கைவராது.

பண்டையோர் இக்குறையைக் கூர்ந்து நோக்கினர் என்பதற்குப் பிற நாட்டுச் சான்றும் உண்டு. கி.மு. 523 ஜூலை 16 இரவு பாபிலோனில் தெரிந்த கிரகணத்தில், மதியின் விட்டத்தில் பாதி வடபுறமாக மறைந்தது என்னும் குறிப்பை, கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தாலமி தம் வானநூலில் எடுத்தாண்டிருக்கிறார். அங்கே குறை அளவாயிற்று. நம் புலவரிடம் அது காதல் நோயாயிற்று. பாபிலோனியர் கணக்கை மெச்சுவோர் நம் புலவர் கண்ணையும் சற்றே மெச்சலாம்.

முழுக் கிரகணம் என்று கொண்டால் பாட்டே கெடும். விழுங்கப்பட்ட மதிக்கு அகன்ற நிலவு ஏது? தலைவனும் இன்னும் மாய்ந்தானல்லன், மெலிகிறான்; அவ்வளவே.

2023 அக்டோபர் 28ஆம் நாள் நள்ளிரவு கழிந்தபின் இந்தியாவில் ஒரு பகுதிக் கிரகணம் தெரிந்தது. விட்டத்தில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கே மறைந்தது. எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடியில் பலரும் அண்ணாந்து நின்றோம். நிலவு தரையெங்கும் பரந்து கிடந்தது. தூக்கக் கண்களோடு வந்த அண்டை வீட்டுச் சிறுவன், “கிரகணம் இன்னும் பிடிக்கவில்லையா, மாமா?” என்று கேட்டான். அப்போது அது பிடித்து அரை மணி ஆகியிருந்தது.