றீகண்டிஷனும் ரீகண்டிஷனும்

"அண்ணை, பழைய வாகனம் எண்டா எங்கட நாட்டிலதான் வாங்கோணும். இஞ்ச ஓடுறது எல்லாம் தகரம்."

ஆம்பூரில் என் பழைய மாருதியில் ஏறிக்கொண்டே இதைச் சொன்னவர், தோல் வாங்க வந்த கொழும்பு வெள்ளவத்தை வியாபாரி. கதவை இரண்டு முறை சாத்த வேண்டியிருந்தது உண்மைதான். அதற்காக நாட்டையே இழுப்பதா?

அவர் பெருமையின் பெயர் 'றீகண்டிஷன்'. ஜப்பானில் சில காலம் ஓடி, அங்கே ஏலம் போய், கப்பலில் வந்து இலங்கையில் முதன்முறையாகப் பதிவாகும் வண்டி அது. அதே சொல்லை ஆம்பூர் மெக்கானிக்கிடம் சொன்னால், போர் போட்டு பிஸ்டன் மாற்றிய எஞ்சின் என்று எடுத்துக்கொண்டு விலையைக் குறைக்கச் சொல்வார். அங்கே ஏற்றம் தரும் சொல் இங்கே சந்தேகம் கிளப்புகிறது.

ஏலத் தாளில் நாலு, நாலரை என்று மதிப்பெண் இருக்குமாம். டேனரியில் தோலுக்கு செலக்‌ஷன் போடுகிற மாதிரிதான். ஆனால் தாளை நம்பி எங்கள் ஊரில் யார் வண்டி வாங்குகிறார்கள்? தோலைத் தடவியே கிரெயின் சொல்லும் கைகள் இவை. பானட்டைத் தடவினால் பட்டி வைத்த இடம் தட்டுப்பட்டுவிடும். காலையில், எஞ்சின் ஆறிக் கிடக்கும்போதே போய் ஸ்டார்ட் பண்ணச் சொல்வோம். விற்பவர் எந்தத் தெரு, மகளை எங்கே கட்டிக்கொடுத்திருக்கிறார் என்பதுவரை பேசிய பிறகுதான் அட்வான்ஸ். கொழும்பில் இந்த ஒட்டுறவு கிடையாது. நான் அங்கே இருந்த நாலு நாளில், அதில் இரண்டு நாள் மழை, கண்ணில் படவில்லை.

2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியது. கார்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025 பிப்ரவரியில். இடையில், வருஷக்கணக்காக ஓட்டிய காரை வாங்கிய விலைக்கு மேலேயே விற்றிருக்கிறார்கள். எனக்குப் பொறாமைதான்.

நம்பர் பலகை வேறு கதை. இங்கே டி.என். 23 என்றால் வேலூர், 83 என்றால் வாணியம்பாடி, அவ்வளவுதான். அங்கே 1950களின் இறுதியில் பலகையில் சிங்கள 'ஸ்ரீ' எழுத்தை வைத்ததற்கே தமிழர்கள் போராட வேண்டியிருந்தது. அதைச் சொன்னபோது மட்டும் அவர் குரல் தாழ்ந்தது. தகரம் என்றதை அப்போதே மன்னித்துவிட்டேன்.

பெயர் மாற்றாமலே வண்டி விற்பதை இலங்கையில் 'ஓப்பின் பேப்பர்' என்கிறார்கள். விற்றவர் கையெழுத்து இருக்கும், வாங்குபவர் பெயர் காலி. வண்டி நாலு கை மாறினாலும் பதிவு மாறாது. இதைக் கண்டித்து ஒரு பத்தி எழுதத்தான் உட்கார்ந்தேன். படிவம் 29, 30-ல் கையெழுத்து வாங்கி பீரோவில் வைத்துவிட்டு வண்டி ஓட்டுபவர்கள் எங்கள் தெருவில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்ததும் பேனா நின்றுவிட்டது.

ஆனாலும் ஒரு எச்சரிக்கை: வண்டி பல கை மாறியிருந்தாலும் விபத்து இழப்பீட்டுக்கு ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே பொறுப்பு என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2018-ல் தீர்ப்பளித்திருக்கிறது. வண்டியை விற்றவர்கள் 14 நாளுக்குள் படிவம் 29-ஐ ஆர்.டி.ஓ. ஆபீசில் கொடுத்துவிடுங்கள்.